அரைமேடையார்

பலே நடனம் என்றால் என்ன என்று பாரிஸில் வேறு எவரிடமும் கேட்காதீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதை முழுக்க அறிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் லா சப்பலில், ரூ காய் தெருவில், ஒரு தமிழ் மீன்கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று: மேடையின் வலது பாதி.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடை முதலாளியே விழிப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் அரைமேடையார். மரியாதைக்கு 'யார்' போட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

நான் முதல் தடவை அந்தக் கடைக்கு அறக்குளா மீன் வாங்கப் போனபோது, றப்பர் சப்பாத்துப் போட்ட ஐம்பது வயது மனிதர் ஒருவர் பெருவிரலில் எழும்பி நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கால் பின்னால் நீண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் அதைப் புதினமாகப் பார்க்கவில்லை.

"அண்ணை, முதல்ல மீனை வெட்டுங்கோ. பிறகு பறக்கலாம்," என்றாள் முன்னால் நின்ற பெண்.

"குதிக்கால் நிலத்தில பட்டால் நாரி பிடிக்கும், முதுகு நோகும், தங்கச்சி. இப்பிடி நிண்டு பாருங்கோ, பத்து மணித்தியாலம் நிக்கலாம்."

"எனக்கு அரைக் கிலோ மீன் போதும், அண்ணை."

எனக்குப் பன்னிரண்டு துண்டுகள் கிடைத்தன. எந்த இரண்டும் ஒரே தடிப்பில் இல்லை. இதைச் சொல்லக் காரணம், நான் எண்ணுகிற ஆள். ஊரில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவன். பெட்டிகளை எண்ணாமல் ஒரு புகையிரதத்தையும் போகவிட்டதில்லை. இப்போது பாரிஸுக்கு வெளியே, சார்செலில் மகளோடு இருக்கிறேன். பெட்டிகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை.

இந்தப் பலே அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதை அவரே எனக்குச் சொன்னார். ஊரில் சண்டை முடிந்த 2009ஆம் ஆண்டின் மாரி காலம். கையில் எந்த வதிவிடப் பேப்பரும் இல்லாமல் பாரிஸில் அலைந்த ஒரு மத்தியானம், அவர் வழி தவறி ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் வந்து நின்றிருக்கிறார். கூரையில் தங்கச் சிலைகள். வாசலில் காவலர். படியில் நீண்ட வரிசை.

"இந்த நாட்டில கியூ எண்டால் பேப்பருக்குத்தானே, மாஸ்டர். நானும் நிண்டிட்டன்."

"அது ஓப்பரா மாளிகை எண்டு தெரியேல்லையோ?"

"தங்கம் பூசியிருந்தது. அரசாங்கக் கந்தோர் எண்டுதான் நினைச்சன்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் 'உய்', அதாவது ஓம், என்று சொல்லியிருக்கிறார். அவள் பத்து யூரோ வாங்கிக்கொண்டு ஒரு கடதாசி கொடுத்தாள். பேப்பர் கொடுக்கிற பிரெபெக்தூர் அலுவலகத்தில் காசு வாங்குவார்களா என்று ஒரு சந்தேகம் வந்ததாம். ஆனால் கடதாசியில் நம்பர் இருந்தது. நம்பர் இருந்தால் கூப்பிடுவார்கள்தானே. பின்னேரம் ஒரு பெண் அவரை மூன்று மாடி ஏற்றி, ஒரு சின்னக் கதவைத் திறந்து, தங்கத் தூணுக்குப் பின்னால் இருந்த கதிரையில் இருத்தினாள்.

"பெரிய அதிகாரி வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். விளக்கை நூத்திட்டாங்கள். பிறகு பாத்தால் வெள்ளை உடுப்போட பதினாறு பொம்பிளைப் பிள்ளையள் வந்தவை."

மூன்று மணித்தியாலம் இருந்தார். நம்பரை யாரும் கூப்பிடவில்லை. முன்பே விண்ணப்பித்திருந்த அகதி விசா ஒன்பதாம் நாள் வந்தது. நன்றிக்காக மறுபடியும் போய் அதே கதிரையில் இருந்தார். பதினோராம் நாள் மீன்கடை வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அவரை அந்தக் கதிரையிலிருந்து யாரால் எழுப்ப முடியும்? தூண் மறைப்பதால் அதை வேறு எவரும் விரும்பியதுமில்லை. நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்குகிற அன்று விடியவே போய் நின்று, ஏழு வருடம் அதையே கேட்டு வாங்கினார். சபையின் வலப்பக்க ஓரம் அது. அங்கிருந்து மேடையின் இடது பாதி மட்டும்தான் தெரியும்.

"வலப்பக்கம் போறவை வெளிநாட்டுக்குப் போனவை மாதிரி, மாஸ்டர். திரும்பி வந்தால் சந்தோசம். வராட்டில், அங்கை நல்லா இருக்கினம் எண்டு நினைக்கவேண்டியதுதான்."

கதிரையிடம் அவர் மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தார். ஊரில் இருக்கிற மனைவியைக் கூப்பிடுகிற பேப்பர். அது மட்டும் வரவில்லை.

"ஏழு வருசமா வராட்டில், அது வெறும் கதிரைதான் தம்பி," என்றேன் ஒருநாள்.

"விசாவும் வேலையும் சின்னச் சாமான். இது ஒரு ஆள் முழுசா வரவேணும். கதிரைக்கும் நேரம் வேணும்தானே."

நான் மீனை வாங்கிக்கொண்டு துண்டுகளை எண்ணினேன்.

அவர் பார்க்கப்போனது பெரிய நட்சத்திரங்களை அல்ல. அவர்கள் மேடை நடுவில் ஆடுகிறவர்கள், தூண் மறைத்துவிடும். கிரீடம் வைத்தவர்கள் வருவார்கள் போவார்கள், அவர்களை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. அவர் பார்த்தது இடதுபக்கப் பின்வரிசையின் கடைசியில் நிற்கிற ஒரு பெண்ணை. பெயர் தெரியாது. 'கரைப்பிள்ளை' என்பார். நடனம் தெரிந்தவர்கள் பார்க்காத ஒன்றை, நாள் முழுக்க ஈர நிலத்தில் நிற்கிற மனிதர் பார்த்துவிட்டார்: அவளுடைய வலது கணுக்காலில் ஏதோ நோவு. குதித்து இறங்கும்போது எப்போதும் இடது காலையே முதலில் வைத்தாள். ஒருநாள், மீன் எண்ணெயால் உரஞ்சினால் சுகம் வரும் என்று அவளுக்கு எப்படி அறிவிப்பது என்று என்னிடம் கேட்டார்.

"அறிவிக்காமல் விடும்," என்றேன்.

ஒரு மார்கழியில் கரைப்பிள்ளையைக் காணவில்லை.

கடையில் அது உடனே தெரிந்தது. அவர் இரண்டு காலையும் நிலத்தில் வைத்து வெட்டினார். கணவாய் கேட்டவருக்குப் பாரை கொடுத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், ஆருக்கும் துக்கமோ?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் பதினாறாவது இடத்தில் நிற்கவில்லை என்றா?

"அவவின்ர கால் போயிருக்கும்," என்றார் அரைமேடையார் என்னிடம். "இல்லாட்டில் மற்றப் பக்கத்துக்கு மாத்தியிருப்பாங்கள். நீங்கள் எண்ணுற ஆள். மற்றக் கரையில இருந்து ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ."

போனேன். எனக்குக் கிடைத்த கதிரை எதிர்ப்பக்கத்தில், அதேபோன்ற தூணுக்குப் பின்னால். மேடையின் வலது பாதி என்னுடையது, இடது பாதி அவருடையது. நடுவில் மூன்று முழம் இரண்டு பேருக்கும் இல்லை.

அங்கே நடந்தது எதுவும் எனக்கு விளங்கவில்லை. யாரும் ஒரு சொல் பேசவில்லை. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பிரிக்க முடியவில்லை. ஒருவன் ஒருத்தியைத் தூக்கினான், பிறகு இறக்கினான். காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே கொண்டை, ஒரே கழுத்து. எண்ணத் தொடங்கினால் குறுக்கே ஓடினார்கள். சந்தி நிலையத்தில் ஏழு தண்டவாளத்திலும் ஒரே நேரத்தில் பெட்டி மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவர்கள் வரிசையில் நின்றபோதெல்லாம் விடாமல் எண்ணினேன்.

இடைவேளையில் மாபிள் படிக்கட்டின் நடுவில் சந்தித்தோம். சுற்றிவர வாசனை பூசிய கனவான்கள். அரைமேடையார் கல்யாணக் கோட் போட்டிருந்தார்.

"எனக்கு ஏழு வருசமா ஒரு சந்தேகம், மாஸ்டர். ராசகுமாரன் என்ர பக்கத்தில நிண்டு உங்கட பக்கம் பாத்து நெஞ்சில கை வைக்கிறான். அங்கை ஆர் நிண்டது?"

"ஒரு கிழவி."

"கிழவியோ?"

"ஓம். கையில கோல்."

"அப்ப இவ்வளவு காலமும் கதையை நான் வேற மாதிரியெல்லோ விளங்கி வைச்சிருக்கிறன்," என்றார். பிறகுதான் வந்த அலுவல் ஞாபகம் வந்தது.

"உங்கட பக்கம் எத்தினை?"

"பதினாறு. ஒருக்காப் பதினேழு வந்தது. அது ஆம்பிளை."

"என்ர பக்கம் பதினைஞ்சு."

"என்ர பக்கத்தில ஒருத்தரும் இடது காலை முதல் வைக்கேல்லை. நாலு பாட்டுக்கும் பாத்தனான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப கால் போட்டுது," என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வண்டி எங்கள் நிலையத்தை விட்டுப் போய்விட்டது, அடுத்த நிலையத்துக்கு வந்து சேரவில்லை என்றால், அது தொலைந்துவிட்டது என்று எந்த ஸ்டேசன் மாஸ்டரும் எழுதமாட்டான். இடையில் நிற்கிறது என்றுதான் எழுதுவான்.

"நீல உடுப்போட ஒருத்தி வந்தவ," என்றேன். "என்ர பக்கம் மூண்டு தரம் தலை தெரிஞ்சது. உடனே திரும்பிப் போட்டா."

"என்ர பக்கமும் ரெண்டு தரம். கிரீடம் வைச்சிருந்தவ எண்டு நான் பாக்கேல்லை."

"கால் எப்பிடி வைச்சவ?"

"கிரீடம் வைச்ச ஆக்களின்ர காலை நான் பாக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப அவ நடுவில நிக்கிறா, தம்பி. தனி ஆட்டம் குடுத்திருக்கிறாங்கள்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோசமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பகுதி முழுக்க நீல உடுப்பு வரவில்லை.

அந்த ஆட்டம் இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. நடுவில் பார்க்க வேண்டுமானால் அவர் நடுவில் போய் இருக்க வேண்டும். ஆனால் மனைவியின் விடயமாக அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிரெபெக்தூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதிரையை விடுவதா? மூன்று நாள் அவர் சாப்பிடவில்லை. போகலாம் என்று நான் சொன்னால், "மனிசி வராட்டில் ஆர் பொறுப்பு?" என்றார். போகவேண்டாம் என்றால், "கரைப்பிள்ளையை இனி எப்ப காணுறது?" என்றார். இரண்டும் நியாயமாகவே இருந்தன. எனக்கும் நித்திரை போய்விட்டது.

"கதிரை வெறுமையாக் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்," என்றார் நாலாம் நாள், மீன் செதிலைத் துடைத்துக்கொண்டு. "என்ர ஆள் ஒருத்தர் இருந்தால் போதும். விளக்கு நூத்ததிலயிருந்து திரும்பக் கொளுத்தும் வரைக்கும். இடையில எழும்பக்கூடாது."

"நான் இருக்கிறன்," என்றேன். எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. அதை அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

கடைசி ஆட்டத்தன்று பின்னேரம் அவர் நடுவில் போய் இருந்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். முதல் பகுதியில் பதினைந்து பேரும் சரியாக வந்தார்கள். இடைவேளைக்கு விளக்கு வந்தபோதுதான் ஒன்று யோசித்தேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் கட்டாயம் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடைவேளை விளக்கைக் கொளுத்துவதாக எடுத்துக்கொள்ளலாமா? அவரிடம் கேட்க மறந்துவிட்டேன். கேட்பதற்கு எழும்பவும் முடியாது.

பக்கத்துக் கதிரைக்காரி, ஒரு பிரெஞ்சு மூதாட்டி, வெளியே போகவில்லையா என்று கேட்டாள். தலையாட்டினேன். சுகமில்லையா என்றாள். அதற்கும் தலையாட்டினேன். நினைவை வேறு பக்கம் திருப்ப, கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். மாகோ நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்புவார்கள். அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் பகுதியில் பதினைந்து பேர் வந்தார்களா, ஐம்பது பேர் வந்தார்களா, நான் அறியேன்.

கடைசியில் விளக்குகள் வந்தன. கைதட்டல் ஓய்ந்து, சனம் கலைந்து, வெகுநேரத்துக்குப் பிறகு அரைமேடையார் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது.

"கண்டனீரோ?"

"கண்டன். தனிய ஆடினவ. அவவுக்கு ரெண்டு கண் இருக்கு, மாஸ்டர்."

"எல்லாருக்கும் ரெண்டுதானே."

"ஏழு வருசமா ஒரு பக்கத்து முகம்தானே கண்டனான். ரெண்டும் சேர்ந்தால் வேற ஆள். என்ர தங்கச்சி மாதிரி இருக்கிறா."

"கால்?"

"சுகம். வலது காலைத்தான் முதல் வைச்சவ. பயப்பிடாமல் வைச்சவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையைப் பார்த்தார். "நீங்கள் எழும்பேல்லைத்தானே?"

"இல்லை. இப்ப எழும்பலாமோ?"

அந்த மாளிகையில் எத்தனை படிகள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் பிரெபெக்தூருக்குப் போனார். வைகாசியில் மனைவி வந்தாள். கோப்பு முழுமையாக இருந்தது, அதிகாரி கையெழுத்து வைத்தார் என்பது என் அபிப்பிராயம். அரைமேடையாருக்கு வேறு அபிப்பிராயம். விமான நிலையத்துக்கு என்னையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனார். விமானம் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம் பிந்தியது. கடைசியாகத்தான் அவள் வந்தாள், நீலச் சேலையும் இரண்டு பெட்டிகளுமாக, ஆட்களைத் தேடிக்கொண்டு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கண்ட மனைவியின் சுகம்கூட அவர் விசாரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவர்தான் இருந்தவர்," என்றார்.

எங்கே இருந்தவர், எதற்கு இருந்தவர் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என் முன்னால் நின்றாள். எனக்கு அப்போதும் அவசரமாகப் போகவேண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.