கறைச் சீட்டும் கட்டைவிரலும்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள், நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்ட அதே சலவைக்கடையிலிருந்து, வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அடுத்த வரியே அதைப் பொய்யாக்கிவிடும் என்பதால், உடம்பு மட்டும் சுகம் என்று திருத்திக்கொள்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது கடையின் போன். அதில் எதைத் தொட்டாலும் அது எங்கேயோ போய்விடுகிறது. காகிதத்தில் பகிரும் பொத்தான் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்குக்கூட முதல் பக்கம் மட்டும்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பள்ளியில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே வியர்த்துப்போகிறவள். ஒன்பதாவதோடு நின்றபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு மட்டும், இனிமேல் யாரும் என்னை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லமாட்டார்கள் என்று ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. இஸ்திரி மேசையும் அப்படித்தான் பிடித்துப்போனது. நாள் முழுக்க நிற்கத்தான் வேண்டும், ஆனால் பேச வேண்டியதில்லை. சட்டைகள் கேள்வி கேட்பதில்லை. அந்த மேசையில் எட்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன் அத்தை. போன மாதம் முதலாளி ஒருநாள் பயிற்சிக்குப் போனார். சமூக வலைத்தளங்களை வைத்துத் தொழிலை வளர்ப்பது எப்படி என்று ஒரு மண்டபத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். காலையில் சாதாரண மனிதராகப் போனவர், சாயங்காலம் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து எங்கள் மூவரையும் சோப்பு மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவைத்தார். மூவர் என்றால் நான், கறை எடுக்கிற மாஸ்டர், விரிப்புகளை மடிக்கிற அக்கா.

"இனிமே கடைக்கு ஒரு பக்கம் இருக்கும். தினமும் படம் போடணும். கஸ்டமர் என்ன எழுதினாலும் உடனே பதில் போடணும். நமக்குள்ள ஒரு குரூப். வாயால பேசுறது எல்லாம் இன்னையோட முடிஞ்சுது, எல்லாமே எழுத்துல."

"யாரு முதலாளி இதெல்லாம் பண்றது? எனக்குக் கண்ணாடி உடைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு," என்றார் மாஸ்டர்.

"என் கை எப்பவும் ஈரம்," என்றார் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இவதான் சரி," என்றார். "வாயே திறக்காதவங்கதான் போன்ல பிரமாதமாப் பேசுவாங்கன்னு பயிற்சியில சார் சொன்னாரு."

அப்படித்தான் அத்தை, பேசத் தெரியாத காரணத்துக்காக, ஊரோடு பேசுகிற வேலை எனக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியை வாங்கிவைத்துவிட்டுப் போனைக் கொடுத்து என்னை முன்பக்கம் வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார்கள்.

முதலில் அந்தக் குரூப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'ஒரே குடும்பம்'. முன்மேசைக்கும் மாஸ்டர் நிற்கும் தொட்டிக்கும் நடுவில் பன்னிரண்டு காலடி தூரம், எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு காலடியைக் கடந்து கேட்க வேண்டியதை முதலாளி குரூப்பில் எழுதுவார்: 'அந்த நீலப் போர்வை எங்கே?' மாஸ்டர் ஒரு கட்டைவிரல் போடுவார். அக்கா ஒரு கட்டைவிரல் போடுவார். போர்வை எங்கே என்பது மட்டும் தெரியாது. ஒருநாள் பின்னால் வெந்நீர்க் குழாய் உடைந்துவிட்டது. கத்தலாமா என்று யோசித்தேன், வாய் வரவில்லை. கடை விதியும் எல்லாமே எழுத்தில் என்றுதானே? 'குழாய் உடைந்தது. தண்ணீர் முன்பக்கம் வருகிறது' என்று எழுதினேன். உடனே மூன்று கட்டைவிரல். அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில் எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முதலாளியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனது. "சொல்ல மாட்டியா?" என்று குதித்தார். எழுதினேன் என்று காட்டினேன். "அதான் பாத்து விரல் போட்டேனே!" என்றார். அன்றைக்கு நான் எல்லோரிடமும் அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். முதலாளிக்கு, பார்த்தாயிற்று என்று அர்த்தம். மாஸ்டருக்கு, கண்ணாடி இல்லை, படிக்கவில்லை என்று அர்த்தம். அக்காவுக்கு, போன் கிணுகிணு என்று சத்தம் போடாமல் இருப்பதற்காக எதையாவது அமுக்குவது. நீங்களும் நம் கடைப் பக்கத்தில் நான் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் தவறாமல் விரல் போடுகிறீர்கள் அத்தை, அதற்கு மட்டும் அர்த்தம் கேட்க மறந்துவிட்டேன்.

வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது இன்னொரு கொடுமை. எந்தப் பதிலும் 'உங்கள் கருத்தில் மகிழ்ச்சி அடைகிறோம்' என்றுதான் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு அம்மா, 'என் கம்பளிச் சட்டையைத் துவைத்துத் துவைத்து என் பேத்தியின் பொம்மைக்குப் பொருந்துகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்' என்று எழுதினார். நான் மகிழ்ச்சி அடைந்தேன். அதற்குப் பிறகு அவர் எழுதியதை இங்கே எழுத முடியாது.

இவையெல்லாம் சின்ன விஷயம். இனிமேல்தான் விஷயம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கறை எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் மாஸ்டரால் அதை எடுக்க முடியும். தேநீருக்கு ஒரு மருந்து, எண்ணெய்க்கு வேறு, ரத்தத்துக்கு வேறு. மாற்றிப் போட்டால் துணி போச்சு. அதனால் துணி வாங்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, காலரில் குத்திவிடுவோம். அதுதான் கறைச் சீட்டு. யாராவது மழுப்பினால் மாஸ்டர் உள்ளேயிருந்தே, "உண்மையச் சொல்லிடுங்க சார், இல்லேன்னா ஓட்டை விழுந்துடும்," என்பார். உடனே மேசைமேல் குனிந்து ரகசியமாகச் சொல்லிவிடுவார்கள். நான் நிமிர்ந்தே பார்க்கமாட்டேன் என்பதால் என்னிடம் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. முதலாளியின் சட்டைக் காலருக்கு மட்டும் 'பேனா மை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அது தலைச்சாயம். மாஸ்டர் தலைச்சாயத்துக்கான மருந்தைத்தான் போடுகிறார், யாரும் எதுவும் சொல்வதில்லை.

பயிற்சியில், முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று ஜோடிப் படம் போட்டால் கூட்டம் கூடும் என்றார்களாம். போன புதன்கிழமை, மாஸ்டர் ஒரு வெள்ளைச் சட்டையைப் புத்தம்புதிது போல எடுத்துக் கொடுத்தார். "போடும்மா, ஊரே பாக்கட்டும்," என்றார். நானும் இரண்டு படத்தையும் ஒட்டிப் போட்டேன். முன்னால் எடுத்த படத்தில் காலரில் சீட்டு இருந்தது. எந்தச் சட்டைக்கு எந்தப் படம் என்று குழம்பாமல் இருக்க நான்தான் சீட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தேன். என் கையெழுத்து அழகு என்று நீங்களே சொல்வீர்கள். அந்த அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'விடுதி மேனேஜர். சாக்லேட் ஐஸ்கிரீம், இரண்டு கப். சர்க்கரை வியாதி. மனைவிக்குத் தெரியக்கூடாது.'

விடுதி மேனேஜர் என்றால் யார் தெரியுமா அத்தை? அடுத்த தெருவில் நாலு மாடி விடுதி. அதன் படுக்கை விரிப்புகள் எல்லாம் நம் கடைக்குத்தான் வரும். பெரிய இயந்திரம் ஓடுவதே அந்த விரிப்புகளால்தான். மடிப்பு அக்காவின் வேலையே அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு அம்மா வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு சட்டை?"

நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

"உன்னைத்தான் கேக்குறேன். என் வீட்டுக்காரர் சட்டை எனக்குத் தெரியாதா? மூணாவது பட்டன் நான் தைச்சது. ரெண்டு கப்பா?"

உள்ளேயிருந்து மாஸ்டர், உதவி செய்கிற எண்ணத்தில், "ரெண்டு கப்புக்கு இவ்வளவு கறை வராதும்மா. மூணாவது இருக்கணும்," என்றார்.

"பழைய சீட்டெல்லாம் எங்க இருக்கு?" என்றார் அந்த அம்மா. சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்போம். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், அதாவது சொல்ல நினைப்பதற்குள், அவர் கம்பியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் படித்தார். நடுவில் தண்ணீர் கேட்டார். கேக், மறுபடியும் ஐஸ்கிரீம், ஜாம், அல்வா என்று விரல்விட்டு எண்ணினார். போகும்போது சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மேனேஜரே வந்தார். ஆள் இளைத்த மாதிரி இருந்தார், ஒரே ராத்திரியில் எப்படி என்று தெரியவில்லை. "கறையைப் போக்கத்தானே குடுத்தேன்? கண்காட்சி வைக்கவா குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு, துவைக்காத மூட்டைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி என்னை மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பச் சொன்னார். நான் எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கடைசியில் மேனேஜரிடமிருந்தே செய்தி வந்தது: 'என்னம்மா, நீ ஒரு மணி நேரமா எழுதிட்டு இருக்கேன்னு காட்டுது. வேறென்ன பாக்கி இருக்கு எழுதுறதுக்கு?' போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நேற்று முதலாளி குரூப்பில் எழுதினார்: 'வரும் திங்கட்கிழமைக்குள் விடுதி விரிப்பு திரும்ப வரவில்லை என்றால், மடிப்பு வேலைக்கு ஆள் தேவைப்படாது.' நேரில் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, படிக்காமலே ஒரு கட்டைவிரல் போட்டார். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம், "மத்தியானம் ஏதோ கிணுகிணுன்னுச்சே, என்னடி எழுதியிருந்தாரு?" என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நான் சேர்ந்த நாளிலிருந்து என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் தன்னுடையதில் பாதி வைக்கிறவர் அத்தை அவர். அவர் தன் வேலை போவதற்குத் தானே விரல் போட்டுவிட்டார் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து முதலாளியிடம் எனக்குப் பதிலாகப் பேசுங்கள். தப்புச் செய்தது நான். ஒரு ஆள் போக வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும், அக்காவை இஸ்திரிக்கு மாற்றிக்கொள்ளட்டும். பிறகு என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். நான் ஓரமாக இருந்துகொள்வேன். இந்தக் கடையில் மிச்சமிருக்கிற என் கடமை ஒன்றுதான். கடைப் பக்கத்தில் போட ஒரு மன்னிப்பு, கைப்பட எழுதினால்தான் மனதிலிருந்து வந்த மாதிரி இருக்கும் என்று முதலாளி சொன்னதால், காகிதத்தில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நான்கு வரி. மதியம் மாஸ்டர் அதைப் படம் பிடித்துப் போட்டுவிடுவார், சோப்பு மூட்டைமேல் அவர் தினமும் தூங்குகிற ஒரு மணி நேரம் முடிந்ததும். நான் இதற்கு உறை வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறேன்.

மாமாவுக்கு என் பணிவான வணக்கம். சின்னவளுக்கு என் முத்தம். உங்கள் கால்வலி குறைந்திருக்க வேண்டும், நீங்கள் எல்லோரும் கறை இல்லாமல் நல்லபடியாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அண்ணன் மகள்.

பின்குறிப்பு: அத்தை, நான் உறை வாங்கிக்கொண்டு வருவதற்குள், மாஸ்டர் இழுப்பறையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்து, ஒரு பக்கம் விடாமல் படம் பிடித்துப் போட்டுவிட்டார். கேட்டால், "ரெண்டு காகிதம் இருந்துச்சு. பெருசா இருந்தது எதுவோ அதுலதான் நீ நல்லா மன்னிப்புக் கேட்டிருப்பேன்னு நெனச்சேன்," என்கிறார். நாலாயிரம் பேர் படித்துவிட்டார்கள். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள், அரை மணி நேரத் தூக்கத்தை ஒரு மணி நேரம் என்று எழுதியதற்காக மாஸ்டர் இப்போது என்னோடு பேசுவதில்லை. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. "நாலாயிரம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே என் சட்டைக்கும் தலைச்சாயம்னே எழுதிடு," என்றார். அக்காவுக்கு அவர் மகள் வாசித்துக் காட்டினாளாம். வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்து, "வாயி இருக்குதானேடி உனக்கு?" என்றார், பிறகு குட்டிய இடத்தையே தடவிக்கொடுத்தார். மேனேஜரின் மனைவி கீழே எழுதியிருக்கிறார்: 'திங்கட்கிழமை விரிப்புகள் வரும். இரண்டு பேரும் வேலையில் இருக்க வேண்டும். ஆனால் இவர் சட்டைச் சீட்டு எல்லாம் இனி முதலில் எனக்குப் படமாக வர வேண்டும், அந்தப் பெண்தான் அனுப்ப வேண்டும்.' அடுத்த நிமிடமே மேனேஜரிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'எல்லாவற்றுக்கும் தேநீர் என்று எழுதம்மா. கும்பிடுகிறேன்.' முதலாளி என்னைப் போனுக்கு நிரந்தரமாக்கிவிட்டார். இஸ்திரி மேசையையும் மாஸ்டருக்கே கொடுத்துவிட்டார்கள், நின்றபடி யாரும் தூங்க முடியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போகிறீர்களா, இங்கேயே கிட என்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள, படித்தவர்கள் கீழே எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்தேன். நீங்களும் படித்திருக்கிறீர்கள் அத்தை. கீழே ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறீர்கள்.