கூடைக் கோமான் ஓய்வு பெற்ற வரலாறு

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் எல்லைச் சரக்குப் பதிவு இலாகா என்று ஒன்று இருந்தது. மைசூர் ராஜ்யத்துக்குப் போகிற லாரிகளை நிறுத்தி, அவை போகின்றன என்று சீல் குத்திக் கொடுப்பது அதன் பணி. சீல் இல்லாவிட்டால் லாரி போகாதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குத் தனி சீல் வாங்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான்.

அந்த இலாகாவில் தங்கமான விதி ஒன்று உண்டு. விளையாட்டுக் குழுவில் இருப்பவரைப் பருவம் முடியும்வரை வேறு ஊருக்கு மாற்றலாகாது. பருவம் எப்போது முடியும் என்று எழுத மறந்துவிட்டார்கள். எழுதிய புண்ணியவானும் ஏதோ ஒரு குழுவில் இருந்திருக்க வேண்டும்.

பதிவுக் குமாஸ்தா சகாயநாதன் அந்த விதியின் நிழலில்தான் குடியிருந்தார். ஒரு காலத்தில் கூடைப்பந்தில் சேலம் வரைக்கும் பேர் வாங்கியவர். இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசு. அவர் ஆபீஸ் படியேறினால் முதலில் முழங்கால் சத்தம் வரும், கொஞ்சம் கழித்து அவர் வருவார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் தொண்டியில், அதே இலாகாவின் கடலோர ஆபீஸில், அவருக்கென்று ஒரு நாற்காலி வருஷக்கணக்காகக் காலியாகக் காத்திருந்தது. அவர் மனைவி அருள்செல்வி ஓசூர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளைத் தொண்டிக்கு அனுப்ப எந்த விதியும் கிடையாது. அவர் பந்தைக் கீழே வைக்கிற அன்றைக்குக் குடும்பம் இரண்டு ஊராகிவிடும்.

ஆகவே ஓய்வை ஒத்திப்போட்டார். அதுவும் முறைப்படி, விழா வைத்து. அப்போது ஊரெங்கும் பொன்னாடை மோகம் பரவியிருந்தது. பட்டம் இல்லாத மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே ஜனங்கள் கூச்சப்பட்டார்கள். முதல் பிரிவுபசார விழாவில் அவருக்குக் 'கூடைக் கோமான்' பட்டம். இரண்டாவதில் 'பந்து வேந்தர்'. மூன்றாவதில் பட்டம் தீர்ந்துபோய் முதலாவதையே மறுபடி கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் மைக்கைப் பிடித்து, "உங்கள் அன்பு என்னைக் கட்டிப்போடுகிறது. தர்மபுரிப் போட்டி ஒன்றை மட்டும் ஆடிவிட்டு..." என்பார். கைதட்டல் வானைப் பிளக்கும்.

அருள்செல்வி பொன்னாடைகளை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள்.

"சமையக்கட்டு ஜன்னல் ஒண்ணுதாங்க பாக்கி. அடுத்த ஓய்வு எப்போ?"

"உனக்கு கேலி. முட்டி எனக்குல்ல போகுது?"

"முட்டி போனா தைலம் இருக்கு. நீங்க தொண்டிக்குப் போனா என்ன இருக்கு?"

இந்த நிலையில் சென்னகிருஷ்ணன் என்ற புது அதிகாரி வந்து சேர்ந்தார். டெரிலின் சட்டை, கறுப்புக் கண்ணாடி, எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடுவதில்லை என்ற முகம். வந்த வாரமே சகாயநாதனையும் தலைமைக் குமாஸ்தா ராமப்பனையும் அழைத்தார்.

"நேத்து உங்க ஆட்டத்தைப் பார்த்தேன். நீங்க ஓடவே இல்லியே?"

"நின்னுட்டு ஆடறது ஒரு பாணிங்க சார்."

"ராமப்பன், ஓட முடியாதவர் எப்படி விளையாட்டு வீரர் ஆவார்?"

ராமப்பன் விதிப் புத்தகத்தை விரலால் தடவினார். "விதியில 'குழுவில் உள்ளோர்'னுதான் இருக்குதுங்க சார். ஓடணும்னு ஒரு இடத்துலயும் இல்ல. சொல்லப்போனா, ஆடணும்னு கூட இல்ல."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஓசூர்க் குளிர் ஒத்துக்கொண்டிருந்தது. அவருக்கும் எங்கோ ஒரு நாற்காலி காத்திருந்தது.

"குழுவுல இன்னும் இடம் இருக்கா?" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மறுநாள் அதிகாரி குழுவில் சேர்ந்தார். அதிகாரியே வெயிலில் நிற்கும்போது கீழுள்ளவர்கள் நிழலில் உட்காருவது பண்பாடா? ராமப்பன் சேர்ந்தார். தட்டச்சர் சேர்ந்தார். கண் தெரியாத காவல்காரர் மாற்று ஆட்டக்காரராகச் சேர்ந்தார். மாதம் முடிவதற்குள் ஆபீஸ் முழுவதும் மைதானத்துக்கு வந்துவிட்டது. ஆபீஸில் மின்விசிறி மட்டும் வேலை செய்தது.

ஆட்டமும் ஒழுங்குக்கு வந்தது. முனிராஜ் என்ற இளநிலை எழுத்தருக்கு மட்டும் நிஜமாகவே பந்தாடத் தெரியும். அவன் ஒருநாள் பந்தை நேராகக் கூடையில் போட்டுவிட்டான். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

"மேலிடத்தைத் தாண்டி நீயே எப்படிப் போடலாம்?" என்று ராமப்பன் கேட்டார்.

"கூடை எதிர்லயே இருந்துச்சு சார்."

"எதிர்ல கலெக்டர் இருந்தா? நேரா போய்ப் பேசிடுவியா நீ?"

அன்று முதல் பந்து முறையான வழியில் சென்றது. முனிராஜ் ராமப்பனுக்கு அனுப்புவான். ராமப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று தலையாட்டி, அதிகாரிக்குச் சமர்ப்பிப்பார். அதிகாரி சிந்திப்பார். பிறகு கூடைக்கு அடியில் நிற்கிற சகாயநாதனிடம் 'உரிய நடவடிக்கைக்காக'க் கொடுப்பார். சகாயநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு எம்பிப் போடுவார். முழங்கால் கத்தும். அந்தக் கத்தலைக் கூட்டத்தின் ஆரவாரம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இதற்குள் ராயக்கோட்டைத் தக்காளி லாரிகள் சாலை ஓரம் வரிசையாக நின்று ஒழுக ஆரம்பித்தன. திம்மராயன் என்ற டிரைவர் மைதானத்துக்கே வந்துவிட்டான்.

"சாமி, தக்காளி ரசமா ஓடுது. ஒரு சீல் குத்துங்க சாமி!"

"ஆட்டம் நடக்குது, தெரியல?" என்றார் ராமப்பன்.

"பந்து அந்தய்யா கையிலயே ரொம்ப நேரமா நிக்குதே சாமி."

"பரிசீலனையில இருக்குதுய்யா. சும்மா நிக்காதே, கைதட்டு. உற்சாகமா இருந்தா அய்யா இடைவேளையில குத்துவாரு."

திம்மராயன் தட்டினான். சீல் கிடைத்தது. செய்தி குருபரப்பள்ளி வரைக்கும் பரவியது. பலமாகத் தட்டுகிற லாரி முதலில் போயிற்று. விவரம் தெரிந்த வியாபாரிகள் கிளீனர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது உள்ளங்கையைப் பார்த்து எடுக்கலானார்கள்.

இவ்வளவு பெரிய கைதட்டல் சென்னைக்குக் கேட்காமல் இருக்குமா? இலாகாவின் இயக்குநரே போட்டி பார்க்கப் புறப்பட்டு வந்தார். எதிர்க் குழு வேண்டுமே என்று பெங்களூர் மில் ஒன்றின் குழுவை வரவழைத்தார்கள். வாட்டசாட்டமான பையன்கள். முதல் பாதியில் பந்தை இவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை.

இடைவேளையில் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு மோர் கொடுத்து அன்பாக விசாரித்தார். "உங்க வேன் திரும்பிப் போக எங்க சீல் வேணுமே, தெரியுமில்ல? வெற்றி பெற்ற வண்டியா இருந்தா கொஞ்சம் விரிவாப் பரிசீலிக்க வேண்டியிருக்கும்."

இரண்டாவது பாதியில் பெங்களூர்க்காரர்கள் மிகவும் பண்போடு ஆடினார்கள். கடைசிப் பந்து முறையான வழியில் ஊர்ந்து வந்து சகாயநாதன் கைக்குச் சேர்ந்தது. அவர் எம்பினார், கால் எழவில்லை. மறுபடி எம்பினார். எதிர்க் குழுத் தலைவன் ஒதுங்கி நின்று, மெதுவான குரலில் சொன்னான்: "பரவாயில்ல பெரியவரே, நிதானமாப் போடுங்க. நாங்க தடுக்க மாட்டோம். இருட்டறதுக்குள்ள அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டணும், அவ்வளவுதான்."

அவர் போட்டார். பந்து விழுந்தது. டிரைவர்கள் கை சிவக்கத் தட்டினார்கள். பட்டமும் பொன்னாடையும் வராத காலத்தில், தன்னைத் தடுக்க நான்கு பேர் விழுந்து புரண்டது சகாயநாதனுக்கு ஞாபகம் வந்தது. நேராக மைக்குக்கு நடந்தார்.

"இன்றோடு நான் ஆட்டத்தை விடுகிறேன்."

எல்லோரும் தர்மபுரிக்காகக் காத்திருந்தார்கள். அவர் தர்மபுரி என்று சொல்லவில்லை. கூட்டத்தில் அருள்செல்வி மட்டும் எழுந்து நின்றாள். உட்கார மறந்து நின்றாள்.

அடுத்து இயக்குநர் பேசினார். வரலாறு காணாத, நெஞ்சு நிறைந்த, கண்கள் பனித்த என்று தொடங்கி, முடிவுக்கு வந்தார். "இந்த விளையாட்டு உணர்வு தொண்டி ஆபீஸில் துளிகூட இல்லை. ஆகையால் இந்தக் குழு முழுவதையும் தொண்டிக்கு அனுப்ப உத்தரவிடுகிறேன். இது மாற்றல் அல்ல. நல்லெண்ணச் சுற்றுப்பயணம். திரும்பும் தேதி குறிப்பிடப்படவில்லை."

சென்னகிருஷ்ணனின் கறுப்புக் கண்ணாடி மூக்கில் சறுக்கியது. சகாயநாதன் ஐந்து நிமிஷம் முன்னால் குழுவை விட்டுவிட்டவர் ஆகையால் பயணத்துக்குத் தகுதியற்றவர் ஆனார். தொண்டியில் அவருக்காகக் காத்திருந்த நாற்காலியும் இனிக் காலியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தகுதிக் குறைவு அவருக்கு இனித்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் அவர் ஒருவர்தான். லாரி வந்தது, சீல் குத்தினார். அடுத்தது வந்தது, குத்தினார். மத்தியானத்துக்குள் சாலை காலி. திம்மராயன் மட்டும் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, போகலியா?"

"இல்ல சாமி... கைதட்ட வேணாமா?"

"வேணாம்."

"அப்போ காத்துட்டு நிக்கவும் வேணாமா?"

"போப்பா, தக்காளி கெடுது."

திம்மராயனுக்கு மனசு ஒப்பவில்லை. வந்ததும் குத்திக் கொடுத்த சீலை எந்த மடையன் நம்புவான்? இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று வியாபாரிகள் கூடிப் பேசினார்கள். பெரிய அதிகாரிகள் இருந்த காலத்தில் சீலுக்கு ஒரு கௌரவம் இருந்தது என்றார்கள். 'பழைய குழுவை மீட்டுத் தருக' என்று சென்னைக்கு மகஜர் போயிற்று. சகாயநாதன் மேல் அவர்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவரும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்தான் என்பதை மரியாதைக்காகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

பதில் உடனே வந்தது. குழுவைத் திருப்பி அனுப்ப வழியில்லை. ஆனால் குழுவைச் சேர்ந்த ஒருவர் இன்னும் ஓசூரிலேயே தங்கியிருப்பதைப் பொதுமக்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அவருடைய ஓய்வு மைக்கில் சொல்லப்பட்டதே அன்றி முறையான வழியில் வரவில்லை. எனவே அது செல்லாது. அவர் உடனே தொண்டியில் குழுவுடன் சேர்ந்துகொள்ள வேண்டியது.

பஸ் நிலையத்துக்கு டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அருள்செல்வி திரைக்கு ஆகுமா என்று அதன் அகலத்தைப் பார்க்கவில்லை. அவர் படியில் காலை வைக்கும்போது முழங்காலைத் தாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பஸ் நகர்ந்ததும் தட்டினார்கள். அப்படி ஒரு தட்டு ஓசூர் கேட்டதில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு கிளீனர் திம்மராயனைக் கேட்டான்:

"அண்ணா, இனிமே நமக்கு சீல் யாரு குத்துவாங்க?"

சாலையில் வரிசையாக லாரிகள் நின்றன. தக்காளித் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடியது.

"அதுக்கு ஒரு மகஜர் எழுதலாம்," என்றான் திம்மராயன். "நீ தட்டறதை நிறுத்தாதே."