பூசையில் வைத்த மஞ்சள் பெட்டி

பயந்தவர்கள் எதையும் முழுதாகக் கேட்பதில்லை. ஊருக்கு இது பொருந்துமோ என்னவோ, என் விஷயத்தில் நிரூபணமாகிவிட்டது. நிரூபித்தது ஒரு போலீஸ் ஜீப்.

நான் ஆவுடையார்கோவிலில் பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டரை என் கணவர் நாற்பதுக்கு மேல் முறுக்கினாலே பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். என் மகள் கயல், மூன்று வருடங்களுக்கு முன், மகாராஷ்டிரத்தில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறையில் வந்தபோது அவள் பையில் சோப்பு டப்பா அளவில் ஒரு மஞ்சள் கருவி இருந்தது.

“இது எதுக்குடி?”

“பிளேன் கீழ விழுந்தா...”

“வாயக் கழுவுடி! பேச வேற பேச்சே இல்லையா?”

அத்தோடு பாடம் முடிந்தது.

அவள் கிளம்பும்போது அதை நைசாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயுத பூசைக்கு நாலு நாள்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அவரவர் தொழில் சாமான் ஒன்றாவது பூசையில் இருந்தாக வேண்டும். (கேட்டால் கொடுக்க மாட்டாள். பிறகு கூரியரில் அனுப்பினால் போயிற்று.)

பூசையன்று காலை வாசலில் ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, சீட்டின் மேல் என் புவியியல் புத்தகத்தையும் மஞ்சள் பெட்டியையும் வைத்தேன். மடங்கிக் கிடந்த ஏரியலை நிமிர்த்தினேன் (சாமிக்கு முன்னால் கூனிக்கொண்டு கிடப்பதா?). ஒரு சின்ன மூடியைத் திறந்தால் பொட்டு வைக்கத் தோதாக ஒரு பொத்தான். மனதுக்குள் வேண்டுதல் முடியும்வரை குங்குமத்தை அழுத்திப் பிடித்தேன். பளிச் பளிச்சென்று விளக்கு எரிந்தது. சாமி ஏற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

சுண்டல் தாளிக்கும்போது போன் வந்தது. ஏதோ மீட்பு மையத்திலிருந்து, ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல். “உங்கள் மகள் பெயரில் பதிவான அபாயக் கருவியிலிருந்து செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை வருகிறது. அவர் இப்போது எங்கே?”

மகள், அபாயம். இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. இடம் துல்லியமாகத் தெரியவில்லை, தென் தமிழ்நாடு என்றார். மகாராஷ்டிரத்தில் பறக்கிறவள் இங்கே எப்படி விழுவாள் என்று, பத்தாம் வகுப்புக்கு வரைபடம் சொல்லித்தருகிற எனக்குத் தோன்றவில்லை.

கயலின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பதினேழு தடவை அடித்தேன்.

“பறக்கையில ஆஃப் பண்ணித்தான்டி வச்சிருப்பா” என்றார் கணவர். அவர் குரல் அவருக்கே நம்பிக்கை தரவில்லை. சுண்டல் கருகியது. அவளிடம் கடைசியாக என்ன பேசினேன்? ‘தலைக்கு எண்ணெய் வை.’ அதுதானா கடைசிப் பேச்சு?

வாசலில் ஜீப் நின்றது. என் பழைய மாணவர், எஸ்.ஐ. முத்துக்குமார், இறங்கினார். நான் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லிடுப்பா முத்து. எங்க விழுந்தா?”

“யாரு டீச்சர்? எங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைதான் அனுப்புனாங்க. ஏதோ விமானம் விழுந்திருக்கலாமாம். அங்கிட்டு வயக்காட்டுல ஒண்ணையும் காணோம். இங்கிட்டுத்தான் காட்டுது.”

போனைப் பார்த்தபடி நாலு எட்டு நடந்து, ஸ்கூட்டரின் முன்னால் நின்றார். மாலையை விலக்கினார்.

“நீங்க நடத்துன பாடம் தப்பாப் போகல டீச்சர். கரெக்டா ஒங்க வண்டி மேலதான் விழுந்திருக்கு.”

நான் சிரிக்கவில்லை. அரை மணி கழித்து கயல் தரையிறங்கிப் பேசியபோது எனக்கு அழுகைதான் வந்தது. அவளுக்குக் கோபம். விமானத்திலேயே ஒரு கருவி உண்டாம். பலமாக மோதினால் தானாகவே சமிக்ஞை அனுப்புமாம். நான் எடுத்தது விமானி கையோடு வைத்திருப்பது. காட்டிலோ கடலிலோ எங்கே தேடுவதென்று மீட்க வருகிறவர்களுக்கு அதுதான் வழி சொல்லுமாம்.

“விழுந்தா சீக்கிரமா கண்டுபிடிச்சிருவாங்கம்மா. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்.”

அதைத்தான் நாலு நாளாக அவளிடமிருந்து பறித்து வைத்திருந்தேன்.

“கருவியோட பதிவுல, ஆபத்துன்னா மொதல்ல கூப்புட ஒன் நம்பரத்தான் குடுத்திருக்கேன். அத அப்பா நம்பரா மாத்திரவாம்மா?” என்று கேட்டாள்.

“வேணாம். எனக்கே வரட்டும்.”

ஒவ்வொரு ஆயுத பூசைக் காலையிலும் அந்த எண்ணுக்கு முதல் அழைப்பு வரும். “டீச்சர், பொட்டு வச்சாச்சா? நான் சாப்புட உக்காரலாமா?”

வீடே சிரிக்கும். திரையில் தெரிவது முத்துக்குமாரின் பெயர்தான் என்று பார்த்த பிறகு நானும் சிரிப்பேன்.