மூஸேயின் காது

மாரா சமவெளியில் ஒரு சிங்கம் கொட்டாவி விடுவதானாலும் சிரோங்காவின் உத்தரவு வாங்கித்தான் விடும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவர் சிரோங்காவேதான். ஜீப் ஓட்டுநர், வழிகாட்டி, சகல சிங்கங்களுக்கும் சித்தப்பா.

இன்று அவர் வண்டியை ஊர்ந்துதான் ஓட்டினார். பின்சீட்டில் அக்கேயோ அம்மாள். வருஷா வருஷம் கிசுமுவிலிருந்து கணவரோடு வருகிறவர், இம்முறை அந்த மனிதரின் தொப்பியை மட்டும் மடியில் வைத்திருந்தார்.

"ஐயா போயிட்டார்னு மூஸேகிட்ட நானே சொல்லணும், தம்பி. இனிமே நான் வரப்போறதில்லை." நேற்று வந்து இறங்கியதுமே அம்மாள் சொன்னது இது.

மூஸே, வலது காது கிழிந்த கிழட்டுச் சிங்கம். போன மாதம் சிரோங்காவின் கண்ணெதிரே செத்துப்போனது. பெற்ற தகப்பனுக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் இன்னொரு சாவையும் எப்படிச் சொல்வது? விடியும் முன்பே சக ஓட்டுநர் முத்திசோவை வயர்லெஸ்ஸில் பிடித்திருந்தார்.

"கிழச் சிங்கம் ஏதாவது இருக்காடா?"

"ஆத்தோரம் ஒண்ணு தூங்குது அண்ணே. ஆனா ரெண்டு காதும் முழுசா இருக்கே!"

"அதை நான் பார்த்துக்கறேன்."

வலது காது புல்லுக்குள் மறையும்படி ஜீப்பை நிறுத்தினார். அம்மாள் அந்தச் சிங்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா போயிட்டார், கிழவா. இந்தத் தம்பி பாவம், தனியாக் கிடக்கான். கொஞ்சம் பார்த்துக்க."

துக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று சிரோங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சிங்கம் புரண்டது. பதறிப்போய் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். பின்சக்கரம் கரிசல் சேற்றில் புதைந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. சத்தத்தில் எழுந்த சிங்கம், ஜீப்பை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு காதையும் முழுசாகக் காட்டிவிட்டுப் போனது.

"காது... ஆறிடுச்சும்மா" என்றார் சிரோங்கா.

"ஆறிடும், தம்பி" என்றார் அம்மாள், தொப்பியைத் தடவியபடி. "எல்லாம் ஆறிடும்."

முத்திசோ வந்து அம்மாளைத் தன் வண்டியில் ஏற்றிவிட்டு, கயிறு கட்டக் குனிந்தான்.

"நல்லவேளை, நம்பிட்டாங்கடா" என்று கிசுகிசுத்தார் சிரோங்கா. "மூஸே செத்தது தெரிஞ்சிருந்தா உடைஞ்சு போயிருப்பாங்க."

முத்திசோ நிமிரவில்லை.

"அவங்களுக்குத் தெரியும்ணே. போன வருஷம் உங்களுக்குக் காய்ச்சல்னு நான்தானே அவங்களைக் கூட்டிட்டுப் போனேன்? அப்பவே ஐயா சொன்னார். மூஸே போய் நாலு வருஷமாச்சாம். 'சிரோங்காகிட்ட மூச்சு விட்டுடாதே, மனுஷன் தாங்கமாட்டான்'னார்."

"நாலு வருஷமா? அப்ப போன மாசம் செத்தது?"

"அது வேற சிங்கம்ணே. ஐயா எடுத்த பழைய படத்துல பார்த்தேன். மூஸேக்குக் கிழிஞ்சிருந்தது இடது காது."