சம்பந்தி மீசையில் நுரை

வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர் என்றொரு இனம் உண்டு. பார்த்ததில்லை என்றால் நியூசிலாந்தில் எங்கள் டனீடினுக்கு வாருங்கள், எங்கள் தெருவிலேயே மூன்று பேர். உண்மையில் இவர் எதையும் காய்ச்சுவதில்லை. கடையில் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லிப் பாகு டப்பா ஒன்று வாங்கி, வாளியில் கவிழ்த்து, சர்க்கரையும் தண்ணீரும் விட்டுக் கலக்கி, மேலே ஈஸ்டைத் தூவி மூடிவைக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் முதல் கடை பியர் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்.

பக்கத்து வீட்டு நெவில் அப்படித்தான் ஆனார். குளியலறைத் துண்டுகள் காயும் கதகதப்பான வெந்நீர்த் தொட்டி அலமாரியிலிருந்து அவற்றை வெளியேற்றிவிட்டு, அங்கே வாளியைக் குடிவைத்தார். போகிறவர் வருகிறவரை எல்லாம் இழுத்துப்போய் அதன்முன் நிறுத்தினார்.

"காதை வச்சுக் கேளு, பேசுது."

"என்ன பேசுது?"

"நல்லா வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுது."

அவர் மனைவி க்ளெனிஸ் பொறுத்துப் பார்த்தாள். "ஈரத் துண்டால துடைச்சது போதும்" என்று ஒருநாள் வாளியைக் கார் கொட்டகைக்கு நாடு கடத்தினாள். எங்கள் ஊரில் ஜூலைதான் கடுங்குளிர்; வாளியில் குமிழி விடுவது நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று நெவில் தானே தீர்ப்பு வழங்கி, புட்டிகளில் அடைத்து, கணப்புப் பக்கத்தில் அடுக்கினார். மகள் ப்ரைடியின் நிச்சயதார்த்த விருந்துக்குக் கடை பியர் ஒன்றுகூட வாசல் தாண்டக் கூடாதாம்.

"அப்பா, அவரோட அப்பா அதிகம் பேசாதவர். முதல் தடவையா வர்றார். எதுவும் பண்ணிடாதே" என்றாள் ப்ரைடி.

வந்தார் மாப்பிள்ளையின் அப்பா அலஸ்டர். நல்ல சட்டை, வாரிய மீசை, வாயில் ஒரு சொல் இல்லை. நெவில் அவர் அருகிலேயே நின்று முதல் புட்டியைத் திறந்தார். நுரை உத்தரத்தைத் தொட்டு, ஆட்டுக்கறியை நனைத்து, சம்பந்தியின் கண்ணாடி வழியாக இறங்கியது. ப்ரைடி கண்ணை மூடிக்கொண்டாள். நெவில் காலிப் புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அலஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மீசையை நாக்கால் தடவினார்.

"அவசரப்பட்டு அடைச்சிட்டீங்க, சம்பந்தி. குளிர்ல ஈஸ்ட் தூங்கியிருக்கும், இப்ப சூட்டுல முழிச்சிக்கிச்சு. வாளி எங்க?"

இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. கறி ஆறியது, மோதிரம் மாற்றினார்கள், பெண்ணைப் பெற்றவர் சொல்லவேண்டிய வாழ்த்தை நான் சொல்லவேண்டியதாயிற்று.

க்ளெனிஸ் மெல்ல அலஸ்டரின் மனைவி பக்கம் சாய்ந்தாள். "உங்க வீட்லயுமா?"

"எங்க வீட்ல குளியல் தொட்டிக்குள்ள வச்சிருக்கார். நான் குளிக்கிறது தங்கச்சி வீட்ல."

அந்தக் குடும்பங்கள் அந்த நிமிடம் ஒன்றாயின.

பியரைக் கையால் தொட்டதில்லை, எனக்கென்ன என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் உங்கள் மாடித் தொட்டியில் காய்த்த அந்த ஒற்றைக் கத்தரிக்காயை இதுவரை எத்தனை பேருக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள்?