எட்டாவது மாடியில் பால் காய்ச்சினோம்

ஓடிவந்து உதவி செய்கிறவனை உடனே நம்பிவிடக் கூடாது. நானும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஓடி ஓடி உதவி செய்தவன்தான். அதனால் சொல்கிறேன்.

அப்போது நான் துபாயில் ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. சோனாப்பூர் கேம்பில் தங்கியிருந்தேன். கல்யாணம் ஆகி மூன்றாவது வருஷம். அதில் பாக்கியத்தோடு இருந்தது ஒரே ஒரு லீவு. மற்றதெல்லாம் போன்தான். அவள் பேசுவாள். நான் "ம்" என்பேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த 'ம்'மை நேர்ல வந்து கேட்டுக்கிறேன். விசா எடுங்க" என்றாள்.

இரண்டு மாத விசிட் விசா எடுத்தேன். கேம்பில் பெண்களைத் தங்க வைக்க முடியாது. வீடு வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற குடும்பங்கள், அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டை வேறு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுப் போவார்கள். எங்கள் கம்பெனி டிராஃப்ட்ஸ்மேன் எட்வின் அண்ணன், நாகர்கோவில்காரர், தன் வீட்டைத் தருவதாகச் சொன்னார். ஷார்ஜா, ரோலா. புதுக் கட்டடம். எட்டாவது மாடி.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் என்னைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினார்.

"இது கரண்டு மிச்சம் பண்ணுக பில்டிங் கேட்டியா? ஜன்னலு ரெட்டைக் கண்ணாடி. தொறக்காது. தொறந்தா குளிரு வெளிய போயிரும்லா. அடுப்புல தீயே கெடையாது, கண்ணாடி மட்டுந்தான். காரிடார்ல ஆளு அனங்குனாத்தான் லைட்டு எரியும்."

அது உண்மை. லிஃப்டுக்காக நின்றபோது லைட் எரிந்தது. சாவியை எடுக்க அவர் மறுபடி வீட்டுக்குள் போனார். நான் நின்றேன். லைட் அணைந்துவிட்டது. (அசையாமல் நிற்பது என் பழக்கம். ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டது.)

கீழே நாத்தூர் ஹமீதிக்காவிடம் என்னை ஒப்படைத்தார். நாத்தூர் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மலையாளி. ஒல்லியான மனிதர், சத்தம் மட்டும் பெரிது.

"ஃபேமிலி ஆனது கொண்டு சம்மதிச்சு. ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் அன்னு தன்னே காலியாக்கணும். மனசிலாயோ?"

"ம்" என்றேன். புகார் வந்தால் அன்றைக்கே காலி. அந்தக் கோடையில் வேறு வீடு கிடைக்காது. இது போனால் பாக்கியம் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போகவேண்டியதுதான். அது எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று.

பாக்கியம் வியாழக்கிழமை வந்து இறங்கினாள். நேராகப் போய் ஜன்னலில் நின்றாள். கீழே ரோலா. துணிக்கடை, எக்ஸ்சேஞ்ச், பஸ்ஸுக்கு வரிசை, ரோடு முழுக்க ஆள்.

"இம்புட்டு கூட்டம் இருக்கு, சத்தமே வரலையே. டிவியில சத்தத்தக் கொறச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு திரும்பினாள். "பால் காச்சியாச்சா?"

"ம்ஹும்."

"ரெண்டு நாளா இங்க இருக்கீங்க. பால் காச்சாத வீட்லயா டீ போட்டுக் குடிச்சீங்க?"

"ம்."

"ரெண்டு மாசம் இருந்தாலும் வீடு வீடுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு முன்னாடி காச்சிருவோம்."

பெட்டியைத் திறந்தாள். மஞ்சள், குங்குமம், சாம்பிராணி, துணியில் சுற்றிய சின்னப் பித்தளைப் பானை. எனக்கு எடுத்து வந்த முறுக்கு நொறுங்கியிருந்தது. பானையில் ஒரு கீறல் இல்லை.

காலையில் குளித்துவிட்டு ஆரம்பித்தோம். முதலில் கிழக்கு எது என்று கேட்டாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடித்தது. எதிரே பள்ளிவாசல் இருந்தது. இங்கே மேற்கே பார்த்துத் தொழுவார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். பாலை வைத்தாள். அடுத்து, சாம்பிராணிக்குத் தணல் கேட்டாள். தீயே இல்லாத அடுப்பில் தணலுக்கு எங்கே போவது?

கீழே குரோசரிக்குப் போனேன். அரபிகள் வீட்டில் புகூர் போடுவார்கள். அதுவும் நம் சாம்பிராணி மாதிரிதான். அதற்கென்று கரி விற்பார்கள். வட்ட வட்டமாக, பிஸ்கட் மாதிரி அடுக்கி, தாளில் சுற்றி இருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் பொரிந்து பற்றிக்கொள்ளும்.

"எத்தன வேணும்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? ஒங்க ஊரு கரி. நீங்கதான் சொல்லணும்."

சைட்டில் ஓர் ஆணி போதும் என்றால் நாங்கள் இரண்டு அடிப்போம். அந்தக் கணக்கில் பாக்கெட் முழுவதையும் எட்வின் அண்ணன் வீட்டு தோசைக்கல்லில் கொட்டிப் பற்ற வைத்தேன். ஹாலில் சுவரோரமாக இடம் இருந்தது. அங்கே வைத்தேன். அதற்கு மேலேதான் ஏசி காற்றை உள்ளே இழுக்கிற கம்பித் தட்டி. பாக்கியம் கை நிறைய சாம்பிராணியைத் தூவினாள்.

"ஜன்னலத் தொறங்க. பொக போக வேணாமா?"

"தொறக்காது."

"அப்பக் கதவ?"

"தொறந்தா குளிரு போயிரும்."

ஆனால் புகை நிற்கவில்லை. நேராக அந்தத் தட்டிக்குள் போனது. அவள் தூவத் தூவ, அது இழுத்தது. நல்ல வீடு என்று நினைத்தேன். புகையைக்கூடத் தானே எடுத்துக்கொள்கிறது. எடுத்து எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று யோசிக்கவில்லை.

கண்ணாடி அடுப்பில் பால் மெதுவாகத்தான் சூடேறியது. கடைசியில் நுரை கட்டி விளிம்புக்கு வந்து, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பாக்கியம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் குலவை போடுவார்கள். அவளும் போட்டாள்.

பதிலுக்குக் கட்டடமும் போட்டது.

சைரன். காது கிழிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பெனியில் மாதாமாதம் எங்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான். தீ என்றால் லிஃப்டில் ஏறாதே. சாமான் எடுக்காதே. அடுத்தவனுக்கு உதவி செய். கதவைத் திறந்தேன். காரிடார் முழுக்க வெள்ளைப் புகை. எங்கள் ஹாலில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே தீ வேறு வீட்டில்.

"பாக்கியம், தீ! எறங்கு!"

"பாலு?"

"கெடக்கட்டும்."

"பொங்குன பால விட்டுட்டுப் படியெறங்குறதா? நல்லாருக்கு!" துண்டால் பிடித்துப் பானையைத் தூக்கிக்கொண்டாள்.

நான் எங்கள் கதவை இறுக்கிச் சாத்தினேன். (வெளியிலிருக்கிற கெட்ட புகை உள்ளே போய் சாமிப் புகையோடு கலந்துவிடக் கூடாதே.) பிறகு ஒவ்வொரு கதவாக அடித்தேன். "ஆக்! ஆக்! யல்லா!" இந்தியில் ஆக் என்றால் தீ. அரபியில் யல்லா என்றால் கிளம்பு. ஆட்கள் கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

பக்கத்து வீட்டில் கான் பாய். பாகிஸ்தான்காரர், ரோலாவில் துணிக்கடை. உடம்பு எங்கள் சைட் சிமெண்ட் மூட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டியது போல. வலது காலில் மாவுக்கட்டு. சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. குனிந்து, முதுகில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"அரே பாய், சோடோ! மே சல் சக்தா ஹூ!" என்றார். விடு, என்னால் நடக்க முடியும் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. ஆனால் பயத்தில் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு மாடி வரை என் முதுகில் குத்திக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்தேன். துவா ஓதிக்கொண்டிருந்தாராம். அவர் மனைவி அவருடைய ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முன்னால் பானையோடு இறங்கிய பாக்கியம் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, இந்த ஊர்ல தீப்புடிச்சாக்கூட வாசமாத்தான் இருக்கு."

"ம்" என்றேன். மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

கீழே மணல் பார்க்கிங். ஜூலை வெயில். கட்டடமே அங்கே நின்றது, லுங்கியிலும் நைட்டியிலும். தலையில் சோப்பு நுரையோடு ஒருவர். கான் பாயை ஒரு கார் பானட்டில் இறக்கி வைத்தேன். சுற்றி நின்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். "ஷாபாஷ்" என்றார்கள். பாக்கியம் என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பார்வைதான் கெடுத்தது. எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இது மனுசன் செஞ்ச தப்பு இக்கா" என்று ஹமீதிக்காவிடம் சொன்னேன். "எவனோ வீட்டுக்குள்ள எதையோ பத்தவச்சிட்டு நின்னுருக்கான். குடும்பம் குட்டியோட இருக்கிற எடம். அறிவு வேணாம்? அந்த ஆளு யாருன்னு பாத்து மொதல்ல வெளிய அனுப்பணும்."

"சத்யம்" என்றார் ஹமீதிக்கா. எல்லாரும் தலையாட்டினார்கள். என் வாழ்க்கையிலேயே அதுதான் நீளமான பேச்சு.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆட்கள் மேலே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. தலைவர் மாதிரி இருந்த அரபி அதிகாரி இறங்கி வந்தார். கையுறை போட்ட கையில் எதையோ ஏந்தியிருந்தார். அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஹாதா மால் மின்?" இது யாருடையது?

பாக்கியம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னைக் கேட்டாள்.

"என்னங்க, அது நம்ம வீட்டு தோசக்கல்லு மாதிரியில்ல இருக்கு?"

தமிழ் தெரிந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்துத் தெரியாதவர்களும் திரும்பினார்கள். நான் சொல்லவேண்டியதையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன்.

ஹமீதிக்கா முகம் கறுத்துவிட்டது. "நிங்களானோ! நிங்களல்லே இப்ப பிரசங்கம் செய்தது? வெளிய அனுப்பணும் எந்நு பறஞ்சதும் நிங்கள் தன்னே. செரி. இந்நு தன்னே காலியாக்கிக்கோ."

பாக்கியத்துக்கு மலையாளம் தெரியாது. காலி என்ற சொல் மட்டும் புரிந்தது.

"காலின்னா... நான் ஊருக்குப் போகணுமா?" என்றாள் என்னிடம். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

எனக்கு "ம்" கூட வரவில்லை.

அதிகாரி தோசைக்கல்லை மோந்து பார்த்தார். "புகூர்?" என்றார்.

"சாம்பிராணி" என்றாள் பாக்கியம். அதற்கு மேல் எந்த பாஷையில் சொல்வது? பானையை மூடியிருந்த துண்டை விலக்கிக் காட்டினாள். மஞ்சள் பூசிய பானை, உள்ளே பொங்கிய பால். எதிர்க் கஃபட்டேரியாக்காரர் காகிதக் கப் அடுக்கு ஒன்றை நீட்டினார். அவள் ஊற்றி முதல் கப்பை அதிகாரியிடம் கொடுத்தாள். அந்த வெயிலில் சுடச்சுடப் பால். அவர் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, புது வீட்டுக்குப் போனால் தன் அம்மாவும் புகூர் போடுவார் என்று அரபியும் இந்தியும் கலந்து சொன்னார். பிறகு என் மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டினார்.

"வாஹித்! வாஹித்!" கரி ஒன்று. ஒன்றே ஒன்று.

"ம்" என்றேன்.

அவர் போய்விட்டார். ஹமீதிக்கா அசையவில்லை. "ஓனர் சோதிச்சால் ஞான் எந்து பறயும்?" ஓனர் கேட்டால் என்ன சொல்வது என்கிறார்.

கார் பானட்டிலிருந்து கான் பாய் குரல் கொடுத்தார், இந்தியில். "நான் சொன்னேன்னு சொல்லு. நாளைக்கு நெஜமாவே தீப்பிடிச்சா என்னை யாரு கீழ கொண்டு வருவா? நீயா?"

எல்லாரும் ஹமீதிக்காவின் உடம்பைப் பார்த்தார்கள்.

"இவன் போனா நானும் வீட்டைக் காலி பண்றேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிப் போவீங்க பாய்?" என்று கேட்டார் ஹமீதிக்கா.

"இவனே தூக்கிட்டுப் போவான்!"

முதலில் சிரித்தது சோப்பு நுரைக்காரர். பிறகு பார்க்கிங்கே சிரித்தது. ஹமீதிக்கா சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. பாக்கியம் அந்த நேரம் பார்த்து ஒரு கப்பை நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசம். கரி கண்டால் ஆளும் காலி" என்றார்.

பால் எல்லாருக்கும் ஆளுக்கொரு வாய் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் பிரியாணி, ஒரு நாள் பேரீச்சம்பழம். பாக்கியம் எல்லார் வீட்டுக்கும் போய் வருவாள். பாஷை தெரியாமலே பேசுவாள். அவளை ஏர்போர்ட்டில் விடப் போனபோது கான் பாய் தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். கட்டு பிரித்திருந்தார்.

எட்வின் அண்ணன் திரும்பி வந்ததும் போன் செய்தார்.

"மக்கா, என்னடே செஞ்ச? ஏசியப் போட்டா பூசை மணம் வருகு. கோயிலுக்குள்ள வந்துட்டோம்னு நெனச்சு என் வீட்டுக்காரி செருப்பக் கழத்திட்டா."

ஒரு புது தோசைக்கல் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஊரோடு இருக்கிறேன். சொந்தத்தில் யார் பால் காய்ச்சினாலும் எங்களை முன்கூட்டியே வரச் சொல்வார்கள். மரியாதைக்கு இல்லை, வேடிக்கைக்கு. போன வருஷம் பாக்கியத்தின் தம்பி திருச்சியில் ஃபிளாட் வாங்கினான். நாலாவது மாடி. பால் நுரை கட்டியது. குலவை போட்டார்கள். மச்சினன் என் பக்கம் திரும்பினான். உடம்பு அவனுக்கும் கான் பாய் கணக்குதான்.

"அத்தான், இன்னைக்கு யாரத் தூக்கிக்கிட்டு எறங்கப் போறீக?"

வீடே என் வாயைப் பார்த்தது.

"ஒன்னத்தான்" என்றேன். "ஆனா லிஃப்ட்ல வா."