சாஸ்தாவுக்கு எங்கள் வீட்டுத் தேன்

எனக்குத் தேன் பிடிக்காது. சின்ன வயதில் இருமல் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தே வெறுக்க வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவள் எதற்காக இலஞ்சியில் வீட்டுப் பின்பக்கம் தேனீப் பெட்டி வைத்தேன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மதினியை ஜெயிக்கத்தான்.

மதினி என் கணவர் செல்வத்தின் அக்கா. சுரண்டையில் இருக்கிறார். வீட்டில் இரண்டு பசு. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் மொத்தமும் எங்கள் சாஸ்தா கோயிலில் கூடும்போது அபிஷேகப் பால் அவர் கொண்டுவருவார். பூசாரி அதை வாங்கி, "சுரண்டை அக்கா வீட்டுப் பாலு" என்று சத்தமாகச் சொல்லித்தான் ஊற்றுவார். அபிஷேகத் தேன் எங்கள் பங்கு. நான் நீட்டும் கடை பாட்டிலை ஒன்றும் சொல்லாமல் ஊற்றுவார். ஒரு வருஷம் மதினி அந்த பாட்டிலை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், "ஏட்டி, இது தேனா, வெல்லப்பாகா?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "அடுத்த வருஷம் சாஸ்தாவுக்கு எங்க வீட்டுத் தேன்." (எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மதினி மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டார்.) அப்போது எனக்குத் தேனீக்கும் குளவிக்குமே வித்தியாசம் தெரியாது.

வடகரையில் தென்னந்தோப்புக்குள் தேனீ வளர்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் பெட்டி வாங்கினேன். வாங்கிய நேரம், சாரல் பிடித்துக்கொண்டது. ஊர் உலகமெல்லாம் நனைவதற்கென்றே பக்கத்திலிருக்கும் குற்றாலத்துக்கு வருகிறது. என் தேனீக்கள் மட்டும் நனைய மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டன. மூன்று மாதம் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்தேன். தேனீ நமக்குத் தேன் தரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நாம் அதற்கு எத்தனை கிலோ சர்க்கரை தர வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஒருவழியாக மாசி வெயிலில் ஒரே ஒரு தேனடை கனத்தது. பங்குனி உத்திரம் செவ்வாய்க்கிழமை. எனக்கும் செல்வத்துக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அன்றே தேன் எடுப்பதென்று முடிவு செய்து, அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"உச்சி வெயில்ல தெறங்கம்மா. பன்னெண்டு மணிக்கு மேல பாதி மேயப் போயிருக்கும். உள்ள இருக்கது கொஞ்சந்தான், கோவமும் கம்மி" என்றார்.

நல்ல யோசனை. ஆனால் எங்கள் வீட்டில் மாமனார் இருக்கிறார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். காலண்டரைப் பார்க்காமல் நகம்கூட வெட்ட மாட்டார்.

"எம்மா, ஞாயித்துக்கெழம பன்னெண்டுலருந்து ஒன்றர எமகண்டம். சாஸ்தாவுக்குள்ள தேன எமகண்டத்துலயா எடுக்கது? காலைல ஏழே முக்காலுக்கு நல்ல நேரம் கெடக்குல்லா."

"மாமா, அப்போ எல்லாத் தேனீயும் உள்ளதான் இருக்கும்."

"இருக்கட்டுமே. சீசன்ல அருவிக்கரைல அவ்வளவு கூட்டத்தையும் ஒத்த ஆளா வரிசைல நிறுத்துனவன் நான். இந்த ஈய நிறுத்த மாட்டனா?"

அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. (எதிர்த்துப் பேசாத மருமகள் என்று பெயர் வாங்கவும் ஆசை. ஒருத்திக்கு எத்தனை ஆசை பாருங்கள்!)

ஞாயிறு காலை ஏழு மணிக்கே, "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்று மதினி வந்து இறங்கினார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் நன்றாகப் பழுத்த ஒரு சீப்பு வாழைப்பழம். நான் கொசுவலையைத் தலையில் கவிழ்த்துக் கழுத்தில் கயிறு கட்டியிருந்தேன். செல்வம் ஹெல்மெட் போட்டிருந்தார். மாமா லத்தி வைத்திருந்தார்.

"முதத் தேன். சாமி கும்புடாமயா தெறக்கது?" என்றார் மதினி. நியாயமாகத்தான் பட்டது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். பத்தி கொளுத்தினோம். படைக்கும் பழத்தைத் தோல் உரித்து வைப்பதுதானே வழக்கம்? மதினி ஒரு பழம் விடாமல் உரித்து, பெட்டியின் வாசலுக்கு நேராக இலையில் அடுக்கினார்.

மணி ஏழே முக்கால் ஆனதும் மூடியைத் தூக்கினேன். செல்வம் அடையை உருவினார். வீட்டில் இருந்த அத்தனை தேனீயும் வெளியே வந்தது.

மாமா லத்தியை நீட்டி, "ஏலே, வரிசையா! வரிசையா!" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அந்தக் குரல் குளியலறைக்குள்ளிருந்து கேட்டது. கூடவே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

என் கொசுவலைக்குள் ஒன்று புகுந்துவிட்டது. கொசுவலை வெளியே இருப்பதை உள்ளே விடுகிறதோ இல்லையோ, உள்ளே போனதை வெளியே விடவே விடாது. கழுத்து முடிச்சு அவிழாமல் அதுவும் நானும் முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். செல்வத்துக்குப் புறங்கையில் ஒன்று கொட்ட, அவர் கையை உதற, அடை நேராகப் போய்க் கைகழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. என் ஒரு வருஷப் பாடு நுரையோடு போயிற்று.

மீதியெல்லாம் மதினியிடம் போயின. பழம் உரித்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார், பாவம். கன்னத்தில் நான்கு, உதட்டில் மூன்று. கொடுக்கைப் பிடுங்கிச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"என்னது, வாழப்பழமா? வாசல்லயா வச்சீய?" அவர் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "எம்மா, ஒரு தேனீ கொட்டுச்சுன்னா மத்ததக் கூப்பிட ஒரு வாசன விடும். அது அப்படியே பழுத்த வாழப்பழ வாசன. நீங்க ஒரு சீப்பு வச்சி சண்டைக்கு அழைப்பு குடுத்திருக்கீய."

மறுநாள் ஆபீசில் இருந்தபோது மாமா கூப்பிட்டார். பெட்டியைக் காலி செய்துகொண்டு மொத்தக் கூட்டமும் போய்விட்டதாம், பதினொரு மணிக்கு. திங்கட்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம். அவை காலண்டர் பார்க்கவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று, விடிந்தால் உத்திரம். சாயங்காலமே வடகரைக்குப் போய் அண்ணாச்சியிடம் தேன் வாங்கி எங்கள் வீட்டுத் தூக்குவாளியில் ஊற்றினேன். "சாஸ்தாவுக்கு எல்லாம் தெரியும். சொந்தக்காரனுவளுக்குத்தான் தெரியப்படாது" என்று மாமா ஆறுதல் சொன்னார்.

கோயிலில் பூசாரி தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். "இது வீட்டுத் தேனா, கடைத் தேனா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மதினி எதிரே நின்றார், ஒரு பக்கக் கண் பாதி மூடி, உதடு பணியாரம் போல வீங்கி. அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாலே போதும், என் கதை முடிந்தது.

மதினி முன்னால் வந்தார். தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு தூக்குவாளியைக் காட்டினார்.

"ஆத்தாடி! எடுக்கும்போது கொட்டிட்டாக்கும்!" என்ற பூசாரி, கோயிலே அதிரும்படி, "இலஞ்சி வீட்டுத் தேனு!" என்றார். அந்த நிமிஷம் மதினியின் காலில் விழலாம் போல இருந்தது.

விழாததும் நல்லதுதான். உதடு சரியானதும், "நான் ஒரு பொய்யும் சொல்லலட்டி. தொட்டுதான் காட்டுனேன்" என்றார். அதன்பிறகு அவர் தொட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறார். விசேஷ வீட்டில் பாத்திரம் குவிந்தால் தொடுகிறார். என் புதுச் சேலையைக் கட்டிப் பார்க்க ஆசை வந்தாலும் தொடுகிறார். செல்வமும் பழகிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது காபி வேண்டுமென்றால் உதட்டில் விரலை வைக்கிறார். மாமா மட்டும் இன்னும், "எமகண்டத்துல தெறந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்கிறார்.

ஐந்து வருஷமாக உத்திரத்துக்கு முந்தின நாள் நான் யாருக்கும் தெரியாமல் வடகரைக்குப் போய் வருகிறேன். அபிஷேகம் முடிந்ததும் பூசாரி என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார். "ஒங்க வீட்டுத் தேன்லா, மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று உள்ளங்கை நிறைய ஊற்றுகிறார். எதிரே மதினி உதட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். நான் ஒரு சொட்டு விடாமல் நக்கி விழுங்குகிறேன்.